மரத்துக்கு விலை தெரியுமா

அந்த அக்காவிடம் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி வரும். "பாத்தியா, படிச்சியா?"

புக்கிட் ரோத்தானில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு துணிக்கடை திறந்திருக்கிறார்கள் என்று சொன்னால், பாத்தியா, படிச்சியா? யாரோ ஒருவருக்குக் கல்யாணம் நின்றுவிட்டதாம் என்றால், பாத்தியா, படிச்சியா? ஒரு நாள், மதியத்துக்கு மேல் மழை வரும் என்று கைப்பேசியில் போட்டிருக்கிறது, சீக்கிரம் கிளம்பலாம் என்றேன். அதற்கும் அதே கேள்விதான். "இன்னும் பெய்யாத மழைய எப்படிக்கா பாக்கறது?" என்றேன். "வானத்தப் பாரு லா" என்றார். பார்த்தோம். வானம் வெள்ளையாக இருந்தது. கால்மணி நேரத்தில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். அக்கா அதற்காகக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "இப்ப பாத்தாச்சு" என்றார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது போய்ச் சொல்வார்கள், அவரும் சொன்னவரிடம் அந்தக் கேள்வியைத்தான் கேட்பார். குடும்பத்தோடு சுங்கை பஞ்சாங் பக்கம் குடிபோய்விட்டார் என்று போன வருடம் ஒருவர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. அதனால் அதை உறுதியாகச் சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

நாங்கள் சந்தித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவருக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் ஒரே வகுப்பு. நான் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் பொருளாதாரத்தில் மண்ணைக் கவ்விவிட்டு, புக்கிட் பெலிம்பிங்கில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு, கோலா சிலாங்கூரில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அக்கா புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே தள்ளியிருந்த, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் தனித்தேர்வாளர்களாக அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் பதிந்திருந்தோம். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இலவச வகுப்பு. வங்கியில் வேலை செய்யும் ஓர் இளைஞர் பாடம் எடுத்தார். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் அழைத்தோம். பரீட்சை மலாய்மொழியில் என்பதால் முதலில் மலாயில் சொல்லி, பிறகு தமிழில் புரியவைப்பார்.

முதல் வகுப்பில் வெண்பலகையில் ஒரு சாய்ந்த கோடு போட்டார். இது தேவைக் கோடு, விலை ஏறினால் வாங்குவது குறையும், விலை இறங்கினால் வாங்குவது கூடும், இது விதி என்றார். நாங்கள் எழுதிக்கொண்டோம். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"சார், நீங்க பாத்தீங்களா?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். சார், பொருளாதாரம் படித்தவர்கள் எத்தனையோ பேர் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா தலையாட்டினார். ஆனால் நோட்டில் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்தது, இந்த அம்மா தேறாது என்று.

அடுத்த ஞாயிறு அவரே எழுந்து நின்றார். அந்த வாரம் கெம்போங் மீன் விலை ஏறியிருந்ததாம். புக்கிட் ரோத்தான் மார்க்கெட்டில் மீன்காரர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்.

"வழக்கமா ஒரு கிலோ வாங்கறவங்க அரைக் கிலோ வாங்குனாங்க சார். ரெண்டு பேரு வெலையக் கேட்டுட்டு முட்டைக்குப் போயிட்டாங்க. ஒரு சீன ஆன்ட்டி மட்டும் எப்பவும் போல மூணு கிலோ வாங்குனாங்க. அவங்க சாப்பாட்டுக் கட வச்சிருக்காங்க, வாங்காம முடியாதாம். மத்தபடி நீங்க சொன்னது சரிதான்."

சார், அந்த ஆன்ட்டி வாங்கியதற்கும் பொருளாதாரத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்றார். அக்கா உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, போன வாரத்துப் பக்கத்தில் தேவை விதியை எழுதினார். ஒரு வாரம் தாமதமாக எழுதியதால் அந்த விதி அவருக்குச் சொந்தமாகிவிட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

என் கதையையும் சொல்லிவிட வேண்டும். நான் படிக்காமல் தோற்கவில்லை, மனப்பாடம் செய்து தோற்றேன். புத்தகத்தில் ஓர் உதாரணம் உண்டு: தேநீர் விலை ஏறினால் மக்கள் காப்பிக்கு மாறுவார்கள், காப்பியின் தேவை கூடும். அது எனக்கு அத்துப்படி. பரீட்சையில் எந்தக் கேள்வியைப் பார்த்தாலும் அதற்குள் தேநீரையும் காப்பியையும் கொண்டுவந்துவிட்டேன். பெட்ரோல் பற்றிக் கேட்டதற்குக்கூட. வகுப்பு முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் எதிரே இருந்த ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்து பாடத்தைத் திருப்பிப் பார்ப்போம். அக்காவை மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்த அவர் கணவர் வேறு மேசையில் உட்கார்ந்து நாளிதழ் படிப்பார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர். நாங்கள் பேசுவது கேட்காத மாதிரி இருப்பார், ஆனால் ஒரு பக்கத்தையும் புரட்ட மாட்டார்.

அங்கேதான் அக்கா என்னைக் கேட்டார். "தேத்தூள் வெலை ஏறுச்சே, உங்க வீட்ல காப்பிக்கு மாறிட்டீங்களா?"

"இல்லக்கா. அப்பாவுக்குத் தேத்தண்ணிதான் வேணும்."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"அம்மா தூளக் கொறைச்சுப் போட்டாங்க. அப்பா ரெண்டு நாளு மொகத்தத் தூக்கி வச்சிருந்தாரு."

"அத எழுதேன்" என்றார் அக்கா. "அதத்தானே நீ பாத்த."

எனக்குச் சுருக்கென்றிருந்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்தது பரீட்சைத் தாளில் எழுதத் தகுந்தது என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அக்காவுக்கு இந்தப் பாடம் எதற்கு என்பதை அவர் கணவர்தான் ஒரு நாள் நாளிதழை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். செம்பனைக் குலையை வெட்டித் தள்ளும்போது பழுத்த பழங்கள் உதிர்ந்து நாலாபக்கமும் சிதறும். அவற்றைக் குனிந்து கையால் பொறுக்கிச் சாக்கில் போடுவதுதான் அக்காவின் வேலை. மாலையில் சாக்குகளை எடைக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். உள்ளே கணக்கெழுதும் கிராணி உட்கார்ந்திருப்பார். தராசுத் தட்டு வெளியே, எடை காட்டும் திரை உள்ளே. சாக்கை வைத்ததும் கிராணி எண்ணைச் சொல்வார், எழுதிக்கொள்வார், அடுத்த சாக்கு வரும். அந்தக் கிராணி வருடக் கடைசியில் வேலையை விட்டு ஜொகூருக்கு மகள் வீட்டோடு போகிறார். அக்கா அந்த வேலையைக் கேட்டிருக்கிறார். அலுவலகத்தில், ஐந்து பாடத்தில் கிரெடிட், அதாவது சி-யோ அதற்கு மேலோ, இருந்தால் உனக்குத்தான், தேர்வு முடிவு வரும்வரை வேறு ஆள் எடுக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் பழைய சான்றிதழில் நான்கு இருந்தது. ஐந்தாவதுக்குத்தான் பொருளாதாரம்.

"அவரு பொய்யா சொல்றாரு எடைய?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை முறைத்தார். "நல்ல மனுஷன் லா அவரு. ஒரு நாளு கூட யாரையும் ஏமாத்துனதில்ல."

"அப்பறம் என்னக்கா?"

"பதினாறு வருஷம் பொறுக்கியிருக்கேன். ஒரு சாக்கோட எடையக்கூட நான் பாத்ததில்ல தங்கச்சி. அவரு சொல்லுவாரு, நான் கேட்டுக்குவேன்."

அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சாம்பாரில் தொட்டார். இந்த அம்மா தேறாது என்று நான் முன்பு நினைத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

புரட்டாசி வந்தது. சார் ஒரு சின்னச் சோதனை வைத்தார். ஒரு பொருளின் விலை மாறவில்லை, ஆனாலும் வாங்குவது குறைந்துவிட்டது, படம் வரைந்து விளக்குக. இதில்தான் மாணவர்கள் வழக்கமாக வழுக்கி விழுவார்கள். விலை மாறினால் அதே கோட்டின் மேல் புள்ளி நகரும். விலை மாறாமல் வேறு காரணம் வந்தால் கோடே இடம்பெயரும். நான் வழக்கம்போல் புள்ளியை நகர்த்திவிட்டு, தேநீரை எங்கே நுழைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா பழைய கோட்டுக்கு இடப்பக்கம் புதிதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தமிழில் "கோழி, புரட்டாசி" என்று எழுதிவைத்திருந்தார். அவ்வளவுதான் விளக்கம்.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, கோடு சரி. ஆனா திருத்தறவங்களுக்குப் புரட்டாசின்னா என்னன்னு தெரியாதே. பயனீட்டாளரின் விருப்பம் மாறியதுன்னு எழுதுங்க. அதுதான் விடை."

"விருப்பம் மாறலையே சார்."

"கோழி வாங்கறது கொறஞ்சிருக்கே?"

"கொறஞ்சிருக்கு. ஆனா கோழி மேல விருப்பம் அப்படியேதான் இருக்கு. இல்லன்னா அதுல என்ன விரதம் இருக்கு?"

கடைசியில், "ஒரு மாதத்துக்கு இந்துக்கள் பலர் சமய வழக்கப்படி அசைவத்தைத் தவிர்ப்பதால்" என்று மலாயில் எழுதும்படி சமரசம் ஆயிற்று. அதை ஒப்புக்கொள்வதற்குள்ளும் அக்கா கோழிக்கடைக்குப் போய்விட்டு வந்தார். சீனக் கடைக்காரர் தன் கடையில் பெரிய வித்தியாசமில்லை என்றாராம், தமிழர் வந்து வாங்கும் கடையில் பாதிதானாம். எந்தக் கடையின் கோடு என்பதையும் விடையில் எழுத வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். அன்று சார் என்னைப் பார்த்த பார்வையில், நீயாவது காப்பி தேநீர் என்று எழுதித் தொலைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய் என்ற நன்றி இருந்தது.

இப்படியே போயிருந்தால் இதை ஒரு வேடிக்கையான மனுஷியின் கதையாக எழுதிவிட்டுப் போயிருப்பேன். வினை அளிப்பு விதியில் வந்தது.

விலை ஏறினால் உற்பத்தியாளர் சந்தைக்கு அனுப்புவது கூடும், விலை இறங்கினால் குறையும். கோடு மேல்நோக்கிப் போகும். எந்த வருடமும் கேட்காமல் விடமாட்டார்கள் என்று சார் சொன்ன பகுதி அது. அக்கா அதைக் கேட்டதிலிருந்தே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"மரத்துக்கு வெலை தெரியுமா சார்?" என்றார். "வெலை ஏறுச்சுன்னு கூட ஒரு கொல தள்ளுமா? நட்டு மூணு வருஷமாச்சும் ஆகும் மொதக் கொல பாக்க. நான் பொறந்ததுலேருந்து செம்பனைக்குள்ளதான் இருக்கேன். வெலையப் பாத்துக் காய்ச்ச மரத்த நான் பாத்ததில்ல."

சார் தொழிற்சாலையைச் சொன்னார், ரொட்டிக் கடையைச் சொன்னார். அக்கா அங்கெல்லாம் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாதிரித் தேர்வு நடந்தது. அளிப்புக் கேள்வி வந்தது. அக்கா அந்த இடத்தை அப்படியே வெள்ளையாக விட்டிருந்தார். மற்றதெல்லாம் நன்றாக எழுதியும் கிரெடிட்டுக்குக் கீழே போய்விட்டார். நான் தேறியிருந்தேன், தேநீரைப் பாதிக்குப் பாதி குறைத்திருந்ததால். ரொட்டிக் கடையில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எழுதித் தொலைங்கக்கா. புத்தகத்துல இருக்கு. எழுதுனா மார்க். ஒங்களுக்கு வேணும்னுதானே வந்தீங்க?"

"வேணும்தான்."

"அப்பறம்?"

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதிட்டுப் போயி, நாளைக்கு எடைக் கொட்டகையில ஒக்காந்து நான் என்ன எழுதுவேன்?"

நான் எழுந்து போய்விட்டேன். அவர் கணவர் நாளிதழுக்கு மேலே என்னைப் பார்த்து, என்னிடம் ஏம்மா கேட்கிறாய் என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

வாரம் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து அக்காவை மனதுக்குள் திட்டினேன். சனிக்கிழமை விடுப்பு. மோட்டாரை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போய்விட்டேன். கெஞ்சியாவது அளிப்பு விதியின் நான்கு வரியை மனப்பாடம் செய்யவைத்துவிடுவது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் கொண்டுபோயிருந்தேன்.

அக்கா ஒரு மரத்தடியில் குனிந்திருந்தார். தலையில் துண்டு, கையில் உறை, பக்கத்தில் சாக்கு. காய்ந்த மட்டைகளைக் குவித்து வைத்திருப்பார்களே, அந்தக் குவியலுக்குள் கையை விட்டு ஒவ்வொரு பழமாக எடுத்துக்கொண்டிருந்தார். வெட்டிப் போட்ட இடத்தில் கிடப்பதை அள்ளிக்கொண்டு போவதைத்தான் நான் முன்பு பார்த்திருக்கிறேன். மட்டைக்குள்ளும் புல்லுக்குள்ளும் கைவிட்டு யாரும் துழாவியதில்லை.

"ஏன்க்கா அதுக்குள்ள எல்லாம் கைய விடுறீங்க? பாம்பு இருக்கும்."

"மண்டோரு உத்தரவு. இந்த வாரம் பூராவும் இப்படித்தான்" என்றார், நிமிராமல்.

அந்த நேரத்தில் மண்டோரே மோட்டாரில் வந்து நின்றார். பெண்களை மேய்க்கிற வேலையைப் பதினைந்து வருடமாகச் செய்து சலித்தவர். "தண்ணிக் கான் ஓரத்துலயும் பாருங்கம்மா, ஒண்ணு விடக்கூடாது" என்றார்.

அக்கா நிமிர்ந்தார். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டார். "அண்ணே, மூணு மாசத்துக்கு முன்ன நீங்கதானே உதிரியக் கண்டுக்காதீங்க, கொலைய மட்டும் ஏத்துங்கன்னு சொன்னீங்க?"

"அப்ப வெலை கெடந்த கெடையில யாரு பொறுக்கச் சொல்லுவா? இப்ப ஏறிருக்குலா. ஒரு பழம் கெடந்தாலும் மேல கேக்கறான்."

மண்டோர் போய்விட்டார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். உறைக்குள்ளிருந்த கையில் ஏழெட்டுப் பழம் இருந்தது. அதையும், மரத்தையும், மறுபடி கையையும் பார்த்தார். நான் கொண்டுபோன தாளை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"தங்கச்சி. மரத்துக்குத் தெரியல. மரம் போட்டது அதேதான்."

"ம்."

"குனியற முதுகுக்குத்தான் வெலை தெரியுது."

ஒரு குச்சியை எடுத்து மண்ணில் விலைக்கு நிற்கும் கோடு ஒன்று, பழத்துக்குப் படுக்கும் கோடு ஒன்று கிழித்தார். விலை குறைந்த இடத்தில் ஒரு பழத்தை வைத்தார். அப்போது ஆலைக்குப் போனது அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் வலப்பக்கமாக ஒரு பழம். அது வெட்டிய இடத்தில் கிடப்பதை அள்ளியபோது. இன்னும் மேலே, இன்னும் வலப்பக்கம் மூன்றாவது பழம். அது மட்டைக்குள்ளும் கான் ஓரத்திலும் கைவிட்டபோது. மூன்றையும் குச்சியால் சேர்த்தார். சார் வெண்பலகையில் போட்ட கோடு செம்மண்ணில் அப்படியே கிடந்தது.

"நாலு நாள் அடமழை பேஞ்சு தண்ணி நின்னுச்சுன்னா?" என்றேன். எனக்கும் ஆர்வம் வந்துவிட்டிருந்தது.

"அப்ப வெலை எவ்வளோ ஏறுனாலும் உள்ள எறங்க முடியாது. அது கோடே இந்தப் பக்கம் நகர்றது." மண்ணில் இடப்பக்கமாக இன்னொரு கோடு விழுந்தது. பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்க்கா."

"அப்ப நீயும் எழுதலாம்."

நான் அன்று மட்டைக்குள் கைவிட்டு ஒரு மணி நேரம் பொறுக்கினேன். இரண்டு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. என் வாழ்க்கையில் அளிப்பு விதியை அதற்குப் பிறகு நான் மறந்ததேயில்லை. கொண்டுபோன தாளை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.

பரீட்சை கோலா சிலாங்கூரில் ஓர் இடைநிலைப் பள்ளியில். பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா தீபாவளிக்கு எடுத்த சுடிதாரில், தலைவாரிப் பூ வைத்து வந்திருந்தார். வாசலில் நின்ற ஆசிரியை மலாயில், பெற்றோர்கள் வெளியே காத்திருங்கள் என்று அன்பாகச் சொன்னார். அக்கா அடையாள அட்டையையும் தேர்வு நுழைவுத் தாளையும் எடுத்துக் காட்டினார். "நானும் எழுதத்தான் வந்திருக்கேன், டீச்சர்." அந்த ஆசிரியை தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், இரண்டு கையாலும் தாளைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல் இருந்தது. என்னோடு எழுத வந்தவர் இவர்தான் என்று அத்தனை பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அளிப்புக் கேள்வி வந்திருந்தது. வெளியே வந்ததும் நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"புத்தகத்துல உள்ளத எழுதுனீங்களா?"

"எழுதுனேன். அதுக்குக் கீழ நான் பாத்ததையும் எழுதுனேன்."

"நானும் உதிரிப் பழத்தத்தான் எழுதுனேன்க்கா."

அக்கா நின்றுவிட்டார். "ரெண்டு பேரு தாள்லயும் ஒரே பழமா? என்னப் பாத்து நீ எழுதுனேன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்தது மண்டபத்தின் இரண்டு கோடிகளில் என்று அவர் கணவர்தான் சமாதானம் சொன்னார். அவர் பரீட்சை முடியும்வரை வெளியே மோட்டாரிலேயே உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த மாதக் கடைசியில் பழைய கிராணி ஜொகூருக்குப் போனார். எடைக் கொட்டகையில் அலுவலகத்திலிருந்து முறைபோட்டு யாராவது வந்து உட்கார்ந்தார்கள். அக்கா பொறுக்கிக்கொண்டிருந்தார். மாதங்கள் போயின. அவர் ஒரு நாளும் முடிவைப் பற்றிப் பேசியதில்லை. வேறு ஆளைப் பார்க்கிறார்களாம் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பியபோது மட்டும், அதைச் சொன்ன பெண்ணிடம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்க மறந்துபோனாராம். அவர் கணவர்தான் இதை என்னிடம் போனில் சொன்னார்.

இரண்டு பேர் எண்ணையும் அனுப்பிக் கேட்டிருந்ததால், முடிவு என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. எனக்கு சி பிளஸ். அக்காவுக்கு பி.

கூப்பிட்டேன். அழுதுகொண்டேதான் பேசினேன்.

"தங்கச்சி, இது படிச்சதுதானே. தாள் இன்னும் வரலையே."

அச்சடித்த முடிவுத்தாள் தபாலில் வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் அக்கா அலுவலகத்தில் மூச்சுவிடவில்லை, கணவரையும் சொல்ல விடவில்லை. பாவம், அவர் டிராக்டரில் போகும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு போனதாக அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னார். ஏழாம் நாள் காலையில் தாளை ஒரு நெகிழி உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

அவர் வேலையில் சேர்ந்த வாரம் நான் போனேன். மாலை நேரம். எடைக் கொட்டகை வாசலில் பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். அக்கா உள்ளே இருந்தார். அவர் முகம் சன்னலில் தெரிந்தது. ஆனால் எண் காட்டும் திரை அவருக்கு முன்னால் இல்லை. சன்னல் விளிம்பில், வெளியே பார்த்தபடி இருந்தது. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தானே திருப்பி வைத்தாராம். பார்க்க வேண்டுமானால் அவர்தான் எழுந்து எட்டிப் பார்க்க வேண்டும்.

வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அக்காவுக்குப் பக்கத்தில் எத்தனையோ வருடம் குனிந்தவர். சாக்கைத் தட்டில் வைத்துவிட்டு, வழக்கப்படி உள்ளே இருப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எவ்வளோன்னு சொல்லு, நேரமாவுதுல்ல."

"நான் சொல்ல மாட்டேன் லா" என்றார் அக்கா. "பாத்து நீங்க சொல்லுங்க."

அந்தப் பெண் திரையைப் பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு ஒவ்வோர் எண்ணாக, வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னார். அவர் சொன்னதை அக்கா எழுதிக்கொண்டார்.